தண்ணிக்கோடு

அந்தக் கோடையில் ஏரி கேட்பாரில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. முதலில் படகுத்துறையின் கடைசிப் படி வெளியே வந்தது. பிறகு, யாரோ எப்போதோ கைவிட்ட பழைய படகு ஒன்று விலா தெரியக் கிடந்தது. அதற்கும் கீழே, யாரும் பார்த்திராத சாம்பல் நிறத் தரை. ஊரில் எல்லோரும் குடிதண்ணீரை நினைத்துக் கவலைப்பட்டார்கள். நான் தங்கியிருந்த வீட்டில் மட்டும் உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அது கல் எடுக்கிறவர்களின் வீடு. மியூசியத்துச் சீட்டில் நான் 'புதைபடிவம்' என்று எழுதுவேன். அவர்கள் பேச்சில் எல்லாமே கல்தான். மீன் பதிந்த கல், இலை பதிந்த கல், நத்தைக் கல், எலும்புக் கல். தண்ணீர் இறங்கும் நான்கு மாதம் கரையோரம் நடந்து தேடுவார்கள். மற்ற மாதங்களில் கொட்டகையில் உட்கார்ந்து ஊசியாலும் பல் துலக்கும் பிரஷ்ஷாலும் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். நான் மியூசியத்துக்காக அந்தக் கற்களைப் படம் வரைகிறவன். போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, அதனால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய தொழில் அது. மூத்தவரை நான் பார்த்ததில்லை. நான் முதன்முதலாக அங்கே போவதற்கு ஐந்து வருடம் முன்பே, இதேபோல ஏரி வற்றிய ஒரு கோடையில், காலையில் கரைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய பை கரையில் இருந்தது. உளி, சுத்தியல், பாதி குடித்த தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் இருந்தன. சேற்றின் ஆழத்தைக் குத்திப் பார்க்க அவர் வைத்திருந்த இரும்புக் கம்பி மட்டும் இல்லை. புதைசேறு விழுங்கிவிட்டது என்று பாதிப் பேர் சொன்னார்கள். எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார் என்று மீதிப் பேர் சொன்னார்கள். படகு போட்டுத் தேடியும் ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஐம்பதை ஒட்டிய வயது. சேற்றில் என்னைவிட வேகமாக நடப்பார். கல்லை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார், பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். கரையில் யார் எந்த எலும்பைக் கண்டாலும் முதலில் அக்காவிடம்தான் கொடுக்க வேண்டும். அக்கா அதைத் துடைத்து நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார். காலம் காலமாகக் கிடந்த எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், புது எலும்பு ஒட்டாது. ஒட்டிக்கொண்டால் அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வரும், உடனே பின்னாலேயே ஓர் ஏமாற்றமும் வரும். அந்த இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் நான் எலும்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை.

அந்த வீட்டில் வேலைக்கு ஒரு முறை உண்டு, மூத்தவர் ஏற்படுத்தியது. ஒரு கல்லை இருந்த இடத்திலிருந்து பெயர்ப்பதற்கு முன்னால், அதன் ஏரிப் பக்கத்து விளிம்பில் பச்சைப் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். தண்ணிக்கோடு என்று பெயர். அது இருந்தால்தான் மீன் எந்தப் பக்கம் பார்த்துச் செத்தது, அலை எங்கிருந்து வந்தது என்றெல்லாம் பிற்பாடு படித்தவர்கள் சொல்ல முடியும். கோடு இல்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கொட்டகைக்குப் பின்னால் குப்பையோடு போகும். கோடு போடுவது அக்காவின் வேலை. பெயிண்ட் டப்பாவை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

மகளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். பெயர்தான் குட்டி, கொட்டகை வாசலில் குனிந்துதான் நுழைவாள். அவளுக்கு மலைமேல் ஓர் ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸில் ஒன்றரை நாள் பயணம். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அம்மாவுக்கு. அம்மா வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டி ஒன்று பாதி அடுக்கியபடி ஒரு வாரமாகக் கட்டிலின்மேல் திறந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும்போது பேச்சு மறுபடியும் அங்கே வந்து நின்றது. வறுத்த மீனும் சோறும். ஏரி சுருங்கியதால் மீனெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, வலை போட்டவனெல்லாம் பெரிய ஆளாகியிருந்தான்.

"அம்மா, நீ வரலேன்னா நானும் போகல. அவ்வளவுதான்" என்றாள் குட்டி.

"போகாம? என்கூட உட்கார்ந்து கல்லு சுரண்டப் போறியா?"

"நீ சுரண்டலாம், நான் சுரண்டக் கூடாதா?"

"எனக்கு வேற வேலை தெரியாது. உனக்குத் தெரியும்."

"வேலைக்காகவா நீ இங்க இருக்கே? சும்மா சொல்லாதம்மா. வருஷா வருஷம் நீ எதைத் தேடறேன்னு எனக்குத் தெரியாதா?"

அக்கா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். தொழில் பழக்கம்.

இளையவர் குறுக்கே புகுந்தார். "அண்ணி, கொட்டகையை நான் பார்த்துக்கறேன். டிராயிங் வேற கூட இருக்கார்." டிராயிங் என்பது நான். "அவரால ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆனா துணைக்கு ஆச்சு."

"ஒன்பது வருஷமா ஏரி இவ்வளவு இறங்கல, தம்பி. இந்த வருஷம்தான் இறங்கியிருக்கு. இப்பப் போயி கிளம்பச் சொல்றீங்களே" என்றார் அக்கா.

குட்டி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். என்னால் முடிந்தது இன்னொரு துண்டு மீன் வாங்கிக்கொண்டதுதான்.

புதன்கிழமை காலை அக்கா கரைக்கு வரவில்லை. பெட்டியை அடுக்க வேண்டும் என்று மகள் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். நானும் இளையவரும் மட்டும் போனோம். சூரியன் அப்போதுதான் ஏரிக்கு மேலே எழும்பியிருந்தது. எங்களுக்குப் பின்னால், ஊருக்கு மேலே, மேகம் கருகருவென்று ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் வெயிலும் முதுகில் குளிர்காற்றுமாக நடந்தோம்.

காயும் சேற்றுக்கு ஒரு சத்தம் உண்டு. வெடிப்பு விடும்போது பட், பட் என்று கேட்கும். பின்னால் யாரோ நிதானமாக நடந்து வருவதுபோலவே இருக்கும். புதிதாகக் கரைக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நான்கு வருடம் ஆகியும் பார்க்கிறேன். இளையவர் பார்க்க மாட்டார். கரையில் யாரும் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை, எதிர்க்கரையில் பட்டுக் குரல் தாமதமாகத் திரும்பி வந்து குழப்பும். இரண்டு கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் 'இங்கே வா' என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு தட்டுக் கேட்டு நான் போனேன். இளையவர் கையில் கல் எதுவும் இல்லை. மண்டியிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டினீங்களே?" என்றேன்.

"நான் தட்டலையே. நானே தட்டலாம்னு கல்லு தேடிட்டு இருந்தேன். சரி, வந்தது வந்தீங்க, இதைப் பாருங்க."

நத்தை ஓடுகள் அடர்ந்த ஒரு படுகை அங்கே உடைந்து பெயர்ந்திருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பலகைபோல ஒரு தரை. அதில் மூன்று காலடிகள். வெறுங்கால். இடது, வலது, மறுபடி இடது. ஆள் நல்ல எட்டு எடுத்து நடந்திருக்கிறான். முன்னாலும் பின்னாலும் பார்த்தோம். அந்தத் தரை இரண்டு பக்கமும் உடைந்துபோயிருந்தது, வேறு தடம் இல்லை. சுற்றிலும் எங்கே பார்த்தாலும் கொக்கும் நாரையும் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் மட்டும் ஒரு பறவையின் கால்தடம்கூட இல்லை.

"மனுஷக் காலு. நத்தைப் படுகைக்கு அடியில. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக்கும் முந்தினது, டிராயிங். மியூசியத்துல உங்களைத் தலைமேல தூக்கி வெச்சுக்கப் போறாங்க" என்றார் இளையவர்.

நான் குனிந்து கடைசித் தடத்தின் விரல்களை எண்ணினேன். ஐந்தும் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாம் விரல் மட்டும் பெருவிரலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. குதிகால் பக்கம் கறுப்பாக இருந்தது. தண்ணீர் நிற்கிறதோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது. வெறும் நிழல்.

அதற்குள் முதல் இடி இடித்தது. மழை வந்தால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு நடந்ததெல்லாம் அவசரம். சுற்றி வெட்டி, அடியில் தகடு கொடுத்து, சாக்கைப் பரப்பி, நெம்பித் தூக்கினோம். கல் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. எனக்கு ஒரு பக்கம் வழுக்கியது, இளையவர் திட்டினார், கல்லை இரண்டு முறை சுற்றித் திருப்பித்தான் தள்ளுவண்டியில் ஏற்ற முடிந்தது. ஏற்றி முடித்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். வெட்டிய குழி இருந்த இடத்தில் ஏரி இருந்தது.

கொட்டகையில் அக்கா கல்லைக் கழுவ உட்கார்ந்தார். அப்படிப்பட்ட கல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டார். குவளையால் மெல்லத் தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் சேற்றை வழித்தார். நடுத் தடத்துக்குப் பக்கத்தில் சேறு அடைத்த சின்னத் துளை ஒன்று இருந்தது. ஊசியால் அதைக் குடைந்தார். துளை சதுரமாக இருந்தது. அக்காவின் கை நின்றது.

"தம்பி, இங்க வாங்க" என்றார். இளையவர் போனார். "சதுரக் கம்பி யாரு வெச்சிருந்தா?"

ஊரில் சேறு குத்துகிற கம்பியெல்லாம் உருண்டைக் கம்பி. மூத்தவர் மட்டும் பட்டறையில் சொல்லிச் சதுரமாக அடித்து வாங்கியிருந்தாராம், பிடி வழுக்காது என்று. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. அப்போது இளையவரின் முகம் வெளுத்ததை மட்டும் பார்த்தேன்.

"அண்ணி, இது பழைய தரை. கல்லா இறுகிக் கிடக்கு. ஒன்பது வருஷத்துல சேறு இப்படி இறுகாது. மேல நத்தைப் படுகை வேற இருந்துச்சு."

"விரலைப் பாருங்க. உங்க அண்ணன் காலு உங்களுக்குத் தெரியாதா?"

"அண்ணன் காலை யாரு அண்ணி உட்கார்ந்து பார்த்துட்டு இருப்பா?"

"நான் பார்த்திருக்கேன்" என்றார் அக்கா. குரலில் அழுகை இல்லை. குட்டியைக் கூப்பிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னார். அவளுக்கும் இரண்டாம் விரல் பெருவிரலின்மேல் ஏறித்தான் இருந்தது. நான்கு வருடமாக அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன், கண்ணால் பார்த்துப் படம் வரைவதுதான் என் பிழைப்பு, ஒருநாள்கூட அதைக் கவனித்ததில்லை.

பிறகு அக்கா கல்லைச் சுற்றி வந்தார். நான்கு விளிம்பையும் கையால் தடவினார். "தண்ணிக்கோடு எங்க?"

நான் இளையவரைப் பார்த்தேன். இளையவர் என்னைப் பார்த்தார். பெயிண்ட் டப்பா அலமாரியில், அக்கா வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கள் இருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. கோடு என்பது அக்கா போடுவது, அக்கா அங்கே இல்லை, அவ்வளவுதான்.

"ஏரியைப் பார்த்துப் போறாரா, ஏரியிலேர்ந்து வர்றாரா? அதுகூட உங்களால சொல்ல முடியாதா?" என்று கேட்டார்.

மழையில், அவசரத்தில், சுற்றித் திருப்பியதில் என்று இளையவர் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் வீட்டுக்குள் போய்விட்டார். யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழை விடவில்லை. வியாழன் காலை கொட்டகையைத் திறந்தபோது மற்றக் கற்களெல்லாம் காய்ந்திருந்தன. இந்தக் கல்லில் மட்டும் மூன்று குதிகாலிலும் தண்ணீர் நின்றது. கூரையில் ஒழுக்கு இல்லை. துணியால் ஒற்றி எடுத்தேன். இளையவர் டீ கொண்டுவந்து கொடுப்பதற்குள் மறுபடியும் ஊறி நின்றது. தொட்டால் ஏரித் தண்ணீரின் குளிர்ச்சி.

"களிமண் அப்படித்தான், உள்ளேர்ந்து கசியும்" என்றார் இளையவர், கல்லைப் பார்க்காமல். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டிராயிங், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அண்ணி நாளைக்குக் கிளம்பணும். கிளம்பலேன்னா அந்தப் பொண்ணும் போக மாட்டா. அண்ணன் தண்ணிக்குள்ள போயிட்டாருன்னு ஒரு முடிவு தெரிஞ்சா அண்ணி அழுதுட்டுக் கிளம்பிடுவாங்க. கரைக்கு ஏறி வந்தாருன்னு வைங்க, இன்னைக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு வாசல்லயே உட்கார்ந்துடுவாங்க."

"உங்களுக்கு எது ஞாபகம்?"

"எனக்கு ஒரு மண்ணும் ஞாபகம் இல்ல. அதனாலதான் மனசாட்சி உறுத்தல."

அவரே பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். விரல்கள் பார்த்த பக்கத்து விளிம்பில் பச்சைக் கோடு ஒன்று இழுத்தார். காய்ந்ததும் மேலே கொஞ்சம் சேறு பூசித் துடைத்தார். நான் தடுக்கவில்லை. நல்லதுக்குத்தானே என்று எனக்கும் தோன்றியது. ஏதோ ஒன்று உள்ளே அரித்தது, அதை டீயோடு விழுங்கிவிட்டேன்.

அக்கா வந்து பார்த்தார். "கோடு இருந்திருக்கு அண்ணி, பையில கிடந்த மிச்சப் பெயிண்டுல நானே இழுத்துட்டு மறந்துட்டேன், சேறு மூடியிருந்துச்சு" என்றார் இளையவர். அக்கா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "தண்ணிக்குள்ளதான் போனாரா" என்று கேட்டார், கேள்வியாக இல்லாமல். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். இளையவர் என்னைப் பார்த்து, வேலை முடிந்தது என்பதுபோல மூச்சு விட்டார்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. குட்டி மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். "சித்தப்பா, அம்மா பெட்டியிலேர்ந்து துணியெல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில வைக்கிறாங்க. என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

நாங்கள் போனபோது பெட்டி காலியாக இருந்தது. அக்கா கடைசிப் புடவையை மடித்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகமா இருந்தவரைக்கும் பாதி மனசு கிளம்பலாம்னுதான் சொல்லிச்சு, தம்பி. இங்க இருக்காரோ இல்லையோ, யாரு கண்டா, அந்தப் பொண்ணு வாழ்க்கையைப் பார்ப்போம்னு. இப்ப இங்கதான் இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் தண்ணிக்குள்ள தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

இளையவர் காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். எனக்கு முதன்முறையாக அவர்மேல் பரிதாபம் வந்தது. குட்டி கட்டிலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள், சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அக்கா அவள் தலையைத் துவட்டிவிட்டார். ஆனால் துணியைத் திரும்ப எடுக்கவில்லை.

நான் கொட்டகைக்கு வந்து படம் வரைய உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. தடம் வரைய வேண்டுமென்றால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, விளக்கைத் தரையோடு தரையாக ஒரு பக்கத்திலிருந்து அடிக்க வைக்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தின் விளிம்பு நிழலாக விழும், உருவம் எழும்பும். விளக்கை விரல் பக்கத்தில் வைத்தேன். விரல் ஐந்தும் இருட்டில் மூழ்கின, குதிகால் பளிச்சென்று தெரிந்தது. விளக்கைக் குதிகால் பக்கம் மாற்றினேன். குதிகால் கறுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன, இரண்டாவது பெருவிரலின்மேல் ஏறியபடி.

நேற்றுக் காலை கரையில் நான் பார்த்தது இதைத்தான். கறுத்த குதிகாலுக்குள் விரலை விட்டேனே, வெறும் நிழல் என்று. வெயில் ஏரிப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் குதிகால்தான் ஏரிப் பக்கம். அந்த ஆள் ஏரிக்கு முதுகைக் காட்டிக் கரையை நோக்கி வந்திருக்கிறான். காலையிலிருந்து உள்ளே அரித்தது இதுதான்.

இளையவரிடம் சொன்னேன். "சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்" என்றார்.

"எப்படியும் அவங்க போகப் போறதில்ல. பொய்யாலயும் போகல. உண்மையாவது தெரியட்டுமே."

"நீங்க சொல்லிட்டு மியூசியத்துக்குப் போயிடுவீங்க. இங்க கிடந்து பார்க்கறவன் நான்."

அது நியாயமான பேச்சுதான். இருந்தும் அக்காவைக் கூப்பிட்டேன். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூசியது.

அக்கா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டார். கோடு பொய் என்று சொன்னபோது இளையவரை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு விளக்கைத் தானே எடுத்தார். குதிகால் பக்கம் வைத்தார்.

"இப்படியா பார்த்தீங்க, சார்?"

"ஆமாக்கா."

விளக்கை மறுபக்கம் கொண்டுபோனார். விரல்கள் மறைந்தன. "இப்படி இல்லையே?"

"இல்லக்கா. விரலை எண்ணினேன். நல்லா ஞாபகம் இருக்கு."

மறுபடியும் குதிகால் பக்கம் வைத்தார். குதிகாலில் ஊறியிருந்த தண்ணீர் விளக்கில் மினுங்கியது. கூரையில் மழை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்தார்.

"அந்த இடத்திலேர்ந்து நம்ம வீடு எவ்வளவு தூரம், தம்பி?"

"கால் மணி நேரம் நடந்தா வந்துடலாம் அண்ணி."

"அன்னைக்குக் கதவு திறந்துதான் இருந்துச்சு. சோறு வடிச்சு வெச்சிருந்தேன்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஒன்பது குளிர்காலம், சார். தண்ணிக்குள்ள அவருக்குக் குளிருமேன்னு நான் போர்வை போர்த்திக்காமப் படுத்திருக்கேன். இந்தப் பொண்ணு வந்து வந்து போர்த்திவிடுவா. அவ தூங்கினதும் எடுத்துப் போட்டுடுவேன்."

குட்டி வாசலில் குனிந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

"அந்த ஊர் குளிரும்னு சொன்னியே. பெரிய போர்வையை எடுத்து வை" என்றார் அக்கா அவளிடம். பிறகுதான் அழுதார். சத்தம் போட்டு, கோபமாக, ஒன்பது வருடத்தையும் சேர்த்து வைத்து அழுதார். இளையவர் எழுந்து மழைக்குள் போய் நின்றுகொண்டார். நான் விளக்கை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஏரி பழைய படகை மறுபடியும் மூடியிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு நானும் இளையவரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனோம். இளையவர் வழியெல்லாம் தமாஷ் பேசிக்கொண்டே வந்தார், ஒன்றுக்கும் யாரும் சிரிக்கவில்லை. குட்டி பெட்டிகளை மேலே ஏற்றும் ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன், சார். அன்னைக்கு நாங்க தேடினப்ப, பை கிடந்த இடத்திலேர்ந்து தண்ணி வரைக்கும் சேறு ஈரமாத்தான் இருந்துச்சு. காக்கா நடந்தாக்கூடத் தடம் தெரியும். உள்ள இறங்கின காலு ஒண்ணுகூட இல்ல. ஏறி வந்த காலு மட்டும் இப்ப கிடைச்சிருக்கு. அதுவும் அந்தப் பழைய தரையில."

அக்கா குட்டி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அவர் காலுதான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அந்தக் கால்ல நடந்து வந்தது அவர்தான்னு எப்படிச் சொல்றது? ஒண்ணு, அவரே ஏறி வந்து, வீட்டைப் பார்த்துட்டு, வேண்டாம்னு அப்படியே போயிருக்கணும். இல்லேன்னா ஏறி வந்தது அவரே இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் இங்க உட்கார்ந்திருக்க வேண்டியதில்ல, சார்."

பஸ் கிளம்புவதாக ஹாரன் அடித்தது. அக்கா ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஏரிப் பக்கத்து ஜன்னல் அல்ல, மறுபக்கத்து ஜன்னல். குட்டி எங்களுக்குக் கையாட்டினாள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை நாங்கள் நின்றோம்.

இளையவர் உடனே வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. டீ குடிக்கலாமே என்று ஒரே நேரத்தில் இரண்டு பேரும் சொன்னோம். டீக்கடையில் உட்கார்ந்து, முதல் டீ முடிந்து, இரண்டாவது டீயும் ஆறிப்போன பிறகு, அக்கா பஸ் நிறுத்தத்தில் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் கிளாஸில் ஆறிக் கிடந்த டீயைக் கீழே கொட்டினார்.

"வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்னை விடல. அண்ணியே பூட்டினாங்க" என்றார் இளையவர். "பூட்டிட்டு, கதவை ரெண்டு தரம், உள்ள நுழைய வர்ற ஆள் மாதிரி, வெளியிலேர்ந்து தள்ளிப் பார்த்தாங்க."